அடைக்கோழியும் அடைப்பெட்டியும்

கொழும்பு மாநகரில் பேர வாவியை அடுத்துள்ள கொம்பனித்தெரு, தன் பெயரிலேயே ஒரு வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. 1656 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியார், தம் அடிமைகளை வாவி நீர் சூழ்ந்த இப்பகுதியிலே குடியிருத்தினர். அடிமைத் தீவு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதனால் வந்தது. தமிழரும் சிங்களவரும் கொம்பனியின் பெயரையே வழங்கினர். 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி அகன்றது. 1844 இல் அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

அக்கொம்பனியாரின் மொழி மற்றொரு சொல்லையும் இந்நாட்டில் விட்டுச்சென்றது. சிங்கள மக்கள் வான்கோழியைக் களுக்கும் என்பர். ஒல்லாந்த மொழியின் கல்கூன் என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. கல்கூன் என்பதோ, கள்ளிக்கோட்டைக் கோழி என்று பொருள்படும் பழைய தொடரின் சுருக்கமாகும். ஆனால் வான்கோழிக்கும் மலையாளக் கரையின் கள்ளிக்கோட்டைக்கும் பிறப்பால் யாதொரு தொடர்பும் இல்லை. அது மெக்சிக்கோ நாட்டு மக்கள் பழக்கி வளர்த்த பறவை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுப்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரையும், பிரான்சியர் இந்தியாவின் பெயரையும் அதற்குச் சூட்டினர். இந்தியாவிலோ அது புதுமைப் பொருளாகவே வந்திறங்கியது. 1612 இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியைக் கண்டு வியந்த மொகலாய மன்னர் சகாங்கீர், அதனைத் தம் நினைவுக்குறிப்பில் விரிவாக எழுதினார். அவருடைய அவை ஓவியர் மன்சூர் அதனைத் தீட்டினார்.

பெயர் எதுவாயினும், முட்டையைக் குஞ்சாக்கிக் குஞ்சை ஆளாக்கும் கலை நெடுங்காலம் தாய்ப்பறவை ஒன்றுக்கே உரியதாயிருந்தது. மனிதன் அதனைச் சிறிது சிறிதாகக் கற்றான். அவன் கற்று முடித்த வேளையில் தாய்ப்பறவை அதனை மறந்துவிட்டிருந்தது. இன்று வீடுகளும் அதனை மறக்கத் தலைப்பட்டுள்ளன. இந்த மறதியின் விலை என்ன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கொம்பனித்தெருவின் கியூ வீதியில் உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலிலே வழிபடுவோர்க்குச் சேவற்கொடி புதிதன்று. எனினும் அச்சேவலின் குலம் தென்கிழக்காசியக் காடுகளிலே தோன்றியது. செங்காட்டுக் கோழியே வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை. இன்றைக்கு ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், தானியப் பயிர்ச்செய்கை பரவிய இடங்களில் அது மனிதரை அண்டி வாழத் தொடங்கியதென 2022 இல் வெளிவந்த ஆய்வுகள் கருதுகின்றன. தாய்லாந்தின் பழைய குடியிருப்பொன்றிற் கிடைத்த எலும்புகள் அதற்குச் சான்று. வீட்டுக்கோழிகள் பலவற்றின் காலில் காணும் மஞ்சள் நிறமோ, தென்னிந்தியச் சாம்பல்நிறக் காட்டுக் கோழியின் கலப்பினால் வந்தது என்பது 2008 இல் தெளிவாயிற்று. இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி இவற்றுக்கு உறவினமே, மூதாதை அன்று.

தமிழர் கோழியை எவ்வளவு நுணுகி நோக்கினர் என்பதற்குக் குறுந்தொகையின் 139 ஆம் பாடல் சான்றாகும். ஒக்கூர் மாசாத்தியார் என்னும் புலவர் பாடியது அது. மாலை வேளையில் வேலியோரத்துக் காட்டுப் பூனைகளைக் கண்டு அஞ்சிய பேட்டுக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியை அவர் உவமையாக்கினார். குஞ்சு வளர்ப்பின் முதற்பாடம் காவல் என்பதை அப்பேடு அறிந்திருந்தது, புலவரும் அறிந்திருந்தார்.

அடைகிடக்கும் கோழி செய்யும் வேலையை வெறும் சோம்பல் என எண்ணுவார் உளர். உண்மையில் அது இருபத்தொரு நாள் தவம். பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தன் நெஞ்சின் வெறுந்தோலோடு அணைத்து, ஏறத்தாழ முப்பத்தெட்டுப் பாகை வெப்பத்தில் அது வைத்திருக்கின்றது. நாளுக்குப் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டுகின்றது. புரட்டாவிடின் கரு ஓட்டின் உட்தோலில் ஒட்டிக்கொண்டு இறந்துபடும். நாளுக்கொரு முறை சிறிது நேரம் எழுந்து இரை தின்று, நீர் பருகி, எச்சமிட்டு மீள்கின்றது. அடை வைக்கும் பெண்கள் கடகத்திலோ பழைய பெட்டியிலோ வைக்கோல் பரப்பி, இருள் சூழ்ந்த மூலையிலே கோழியை இருத்தினர். ஒரு வாரம் கழித்து முட்டையை விளக்கின் முன் பிடித்து, நரம்போடிய முட்டையையும் கூழ்முட்டையையும் பிரித்தறிந்தனர். ஏட்டில் எழுதப்படாத அறிவு அது. தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது.

கோழியின்றிக் குஞ்சு பொரிக்க முதலிற் கற்றவருள் எகிப்தியர் புகழ்பெற்றவர். அவர்கள் களிமண் செங்கல்லால் ஈரடுக்கு அறைகள் கட்டி, சாணமும் வைக்கோலும் எரித்த மெல்லிய சூட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்தனர். வெப்பமானி இல்லாத காலத்தில் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூட்டை அளந்தனர். கிரேக்க அறிஞர் அரித்தோட்டிலும் எகிப்தியர் முட்டையைச் செயற்கையாகப் பொரிப்பதைக் குறிப்பிட்டார். தொழில் இரகசியம் சில குடும்பங்களிடமே இருந்தது.

அவ்விரகசியத்தை அறிவியலாக்க முயன்றவர் பிரான்சிய அறிஞர் இரெயோமூர். 1749 இல் அவர் வெளியிட்ட நூல் செயற்கை அடைகாத்தலை முறையாக ஆராய்ந்தது. மக்கும் குதிரைச் சாணத்தின் சூட்டைப் பயன்படுத்தி, வெப்பமானி கொண்டு அதனை அளந்தார். பின்னர் 1881 இல் இலண்டனைச் சேர்ந்த சார்ள்சு கியர்சன் என்பவர் ஓர் எளிய உபாயம் கண்டார். மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன சிறு உறையினுள் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்தார். பெட்டியின் சூடு மிகும்போது உறை உப்பி ஒரு கோலை உயர்த்தும். கோல் விளக்குக் குழாயின் மூடியைத் திறந்துவிடும். மிகுந்த வெப்பம் வெளியேறும். கோழி தன் உடலால் செய்ததை ஒரு சிறு உலோக உறை செய்யலாயிற்று.

குஞ்சின் உடலமைப்பே வணிகத்துக்கு வழி திறந்தது. ஓட்டை உடைப்பதற்குச் சற்று முன் எஞ்சிய மஞ்சட் கருவைக் குஞ்சு தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கின்றது. ஆகவே பிறந்து இரண்டு மூன்று நாள் வரை உணவின்றி உயிர்வாழ அதனால் இயலும். 1918 முதல் அமெரிக்க அஞ்சற்றுறை ஒருநாட் குஞ்சுகளைப் பொதியாக ஏற்றுக்கொண்டது. பெரும் பொரிப்பகங்கள் எழுந்தன. அடைகிடக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், அடைக்குணம் குறைந்த பேடுகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்த்தனர். வெள்ளை லெகோர்ன் முட்டைகளை ஓயாது இடும். அவற்றின்மீது அமர்வது அரிது. குஞ்சுக்கு வேண்டிய தாய்மையை முட்டைக்காக மனிதன் விற்றுவிட்டான் எனலாம்.

தாய் இல்லாத குஞ்சுக்கு மனிதனே தாயாக வேண்டும். அதில் அவன் பல தவறுகளின் வழியே கற்றான். உணவைப் பற்றிய பெரிய பாடம் யாவாத் தீவிலே கிடைத்தது. கொம்பனித்தெருவின் மலே வீதியும் யாவா ஒழுங்கையும் நினைவூட்டும் அத்தீவின் பத்தாவியா நகரில், 1890 ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒல்லாந்த மருத்துவர் கிறித்தியான் எய்க்மன் பணியாற்றினார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதைக் கண்டார். இராணுவ மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்தார். தீட்டாத அரிசி உண்ட கோழிகள் நலம்பெற்றன. தவிட்டிலே உயிர்காக்கும் பொருள் ஒன்று உண்டு என்ற உண்மை அதன்வழி வெளிப்பட்டது. உயிர்ச்சத்து பி1 என்பது அதுவே. எய்க்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை அரிசிக் குறுணலை மட்டும் தூவிக் குஞ்சு வளர்க்க முயல்வோர் இதனை மறத்தலாகாது. குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு இருபது பங்கும், வான்கோழிக் குஞ்சின் தீவனத்தில் இருபத்தெட்டுப் பங்கும் புரதம் இருத்தல் வேண்டும்.

ஈரத்தைப் பற்றிய பாடத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1810 இல் ஆங்கிலேயர் கொம்பனித்தெருவிலே கியூ என்ற பெயரில் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தனர். கியூ வீதியின் பெயர் அதன் எச்சம். வெள்ளம் ஏறும் தாழ்நிலமாதலால் அவ்விடம் பொருந்தவில்லை. 1813 இல் தோட்டம் களுத்துறைக்கும், 1821 இல் பேராதனைக்கும் பெயர்ந்தது. மரத்துக்கே ஒவ்வாத ஈரம் மூன்று நாட் குஞ்சுக்கு எமன். நிலத்திலிருந்து உயர்த்திய பெட்டி, அதில் உமி அல்லது மரச்சீவல், மேலே ஒரு மின்குமிழ் ஆகியனவே தாய்ச் சிறகுக்கு ஈடு. வழுக்கும் கடதாசியிலே விட்ட குஞ்சின் கால்கள் விரிந்து முடமாகும். முதல் வாரத்தில் முப்பத்தைந்து பாகை வெப்பம் வேண்டும். வாரந்தோறும் மூன்று பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லாதோர்க்குக் குஞ்சுகளே கூறிவிடும். அவை ஒன்றன்மேலொன்று நெருங்கிக் கத்தினால் குளிர். விலகியோடி வாய் திறந்து இளைத்தால் சூடு. பரவலாகப் படுத்து உறங்கினால் நலம்.

வான்கோழிக் குஞ்சு இன்னும் நுண்ணிய கவனத்தை வேண்டுகின்றது. அதன் முட்டைக்கு இருபத்தெட்டு நாள் அடை வேண்டும். வெளிவந்த குஞ்சு தீவனத்தின் நடுவே நின்றும் தின்னத் தெரியாது பசியால் மடிவதுண்டு. தாய் இரையைக் கொத்திக் காட்டும் செயல் அற்பமானதன்று என்பது இங்கே புலனாகும். ஆகவே வளர்ப்போர் நீர்க்கிண்ணத்தில் பளபளக்கும் கண்ணாடிக் குண்டுகளை இடுவர். அவற்றைக் கொத்தும் குஞ்சு நீரைக் கண்டுகொள்ளும். பெட்டியிலே பொரித்த கோழிக்குஞ்சு ஒன்றை உடன் விட்டு, அதனை ஆசிரியராக்குவாரும் உளர். ஆயினும் வளர்ந்த கோழிகள் நடமாடிய நிலத்தில் வான்கோழிக் குஞ்சுகளை விடலாகாது. ஈரலைத் தாக்கும் கருந்தலை நோய் கோழியின் குடற்புழு வழியாகப் பரவும். அந்நோயின் நுண்ணுயிரியை 1895 இல் தியோபால்ட் சிமித் விளக்கினார். 1926 ஐ ஒட்டி யாவாவிலும் இங்கிலாந்திலும், அதனையடுத்து இந்தியாவிலும் அறியப்பட்ட இராணிக்கெட் நோயோ ஒரே வாரத்தில் கூட்டையே வெறிதாக்கவல்லது. உரிய காலத்தில் இடும் தடுப்பு மருந்தே அதற்குக் காவல். காட்டுப் பூனைக்கு அஞ்சிக் குஞ்சுகளை அழைத்த பேட்டின் கடமை இன்று மிருக வைத்தியரின் கைக்கு வந்துள்ளது.

இத்தனையும் கற்ற பின் இந்நாடு கண்டது என்ன? பெரும் பண்ணைகள் மலிவாக முட்டை தந்தன. வீட்டுக்கோழி பயனற்றதெனத் தோன்றிற்று. பண்ணைக் குஞ்சுகளின் பெற்றோர்ப் பறவைகள் பெருமளவு வெளிநாடுகளிலிருந்தே வந்தன. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது சோள விளைச்சல் வீழ்ந்தது, தீவனம் அருகியது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது பெற்றோர்ப் பறவைகளையும் வரவழைக்க இயலாதாயிற்று. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டையே இறக்குமதி செய்யவேண்டிய நிலை உண்டாயிற்று. முட்டை ஒன்றைச் சிறுவர் இருவர் பங்கிட்டுண்ட வீடுகளில், முற்றத்து அடைக்கோழி நினைவுக்கு வந்திருத்தல் கூடும்.

முற்றம் எங்கே என்று கேட்போரும் உளர். அக்கேள்வி நியாயமானதே. 2010 ஆம் ஆண்டைத் தொடர்ந்து கொம்பனித்தெருவின் தாழ்ந்த வீடுகள் பல இடிபட்டன. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சென்றன. பத்தாம் மாடியிலே கோழி கிண்டுவதற்கு மண் இல்லை. அங்கே வாழ்வோரைக் குஞ்சு பொரிக்கும்படி கூறுவது பொருளற்ற அறிவுரை. ஆயின் நகரத்தின் ஓரங்களிலும், வன்னியிலும், மட்டக்களப்பிலும், மலைநாட்டு வரிசைக் குடியிருப்புகளிலும் இன்னும் முற்றங்கள் உண்டு. அடைகிடக்கும் நாட்டுக்கோழிகளும் உண்டு. அவை இடும் முட்டை சொற்பமே. ஆனால் தீவனக் கப்பலும் பொரிப்பகமும் இன்றித் தம் இனத்தைத் தாமே பெருக்கவல்ல பறவைகள் அவையே. சிறந்த முட்டையினங்களோடு ஓயாது கலந்து அவற்றின் அடைக்குணத்தை அழித்துவிட்டால், அதனை மீளப் பெறுவது எளிதன்று.

அடைப்பெட்டி மனித அறிவின் வெற்றி. அதனைக் குறை கூறுவதற்கில்லை. நாட்டின் பசிக்குப் பண்ணையும் வேண்டும். வீட்டின் பசிக்கு ஓர் அடைக்கோழியும், அதனை அடை வைக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவ்வாறு தெரிந்த முதியோர் இன்றும் பல வீடுகளில் உள்ளனர். அவர்களிடம் பேரப் பிள்ளைகள் ஒரு முட்டையை விளக்கின் முன் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வார்களாயின், அந்த அறிவு இன்னுமொரு தலைமுறைக்கு நிலைக்கும்.