நரம்புச் சிலந்தியை விரட்டிய கதை

நரம்புச் சிலந்தி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெயரில்தான் சிலந்தி, அது ஒரு புழு.

தேங்கிய நீரில் சைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய பூச்சி உண்டு. அதற்குள் இந்தப் புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். அந்த நீரை அப்படியே குடித்தவருக்கு ஏறக்குறைய ஓராண்டு ஒன்றும் தெரியாது. பிறகு காலில் கொப்புளம் கிளம்பித் தீயாய் எரியும். ஒரு மீட்டர் நீளம்வரை புழு வெளிவரும். அறுந்துவிடாமல் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். எரிச்சல் தாங்காமல் அவர் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தால், ஊர் குடிக்கும் அதே நீரில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை விட்டுவிடும்.

இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. 1984இல் இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு இருந்தது. பாதித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தண்ணீரைத் துணியில் வடிகட்டினாலே பூச்சி நின்றுவிடும் என்று வீடு வீடாகச் சொன்னார்கள், கைபம்பு போட்டார்கள். என் பார்வையில் பெரிய வேலை, படிக்கிணறுகளை வாளியால் இறைக்கும் கிணறுகளாக மாற்றியதுதான். (சுற்றுலாவில் நாம் படம் எடுக்கும் படிகள்தான், அழகுதான்!) கால் படாத நீரில் புழுவுக்கு வழியில்லை.

கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று தந்தது.