திருகோணமலையும் வழக்காடும் கலையும்

சட்டக் கல்லூரிகளில் நடைபெறும் மாதிரி வழக்காடல் போட்டிகளைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. வெற்றி பெற்ற அணியின் புகைப்படம் ஒன்று, கிண்ணம் வழங்கிய நீதியரசரின் பெயர், அத்துடன் செய்தி முடிந்துவிடும். ஆனால் ஒரு சமூகம் தன் உரிமைகளை நீதிமன்றத்தில் எவ்வாறு பேசப்போகிறது என்பதன் முதல் ஒத்திகை அங்கேதான் நடக்கிறது.

இந்த வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. இலண்டனின் சட்ட விடுதிகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மூத்தவர்கள் ஒரு கற்பனை வழக்கைத் தர, மாணவர்கள் இரு பக்கமும் நின்று வாதிட்டனர். உணவு மண்டபமே வகுப்பறை. பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரோடு நலிந்த அம்மரபு, பிற்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஜெசப் சர்வதேசச் சட்டப் போட்டி 1960இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒரே அணி வழக்காளிக்காகவும் எதிராளிக்காகவும் வாதிட வேண்டும் என்பது அதன் விதி. எதிர்த்தரப்பின் நியாயத்தை அறியாதவன் தன் தரப்பின் பலவீனத்தையும் அறியமாட்டான் என்பதே இதன் உட்பொருள்.

இலங்கையில் 1874இல் சட்டக் கல்விச் சபை அமைந்தது. அதன் வழி வந்த சட்டக் கல்லூரியிலிருந்து அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் உருவாயினர். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இவ்விரு பிரிவினரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணிகள் என்ற பொதுப்பெயரைத் தந்தது. பெயர் மாறினாலும் கலை மாறவில்லை. அக்கலையின் உச்சத்தைத் தமிழர்கள் கண்டது, அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் கொழும்பில் நடந்த 'ட்ரயல் அட் பார்' வழக்கில்.

1976 மே 22, குடியரசு தினம். அதைப் புறக்கணிக்கக் கோரும் துண்டுப்பிரசுரங்களை விநியோகித்ததற்காக அ. அமிர்தலிங்கம் உள்ளிட்ட தமிழர் ஐக்கிய விடுதலைக் கூட்டணித் தலைவர்கள் யாழ்ப்பாணத்தில் கைதாயினர். யூரிமார் இன்றி, மூன்று நீதிபதிகளின் முன் விசாரணை. எதிரிகளுக்காக எழுந்து நின்ற சட்டத்தரணிகள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களிடையே எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும் அருகருகே இருந்தனர். 1949இல் அரசியலில் பிரிந்த இருவர் அவர்கள். ஒருவர் தாழ்ந்த குரலில், சொற்களை எண்ணிப் பேசும் சிவில் வழக்கறிஞர். நோயினால் அந்தக் குரலும் மங்கியிருந்தது. மற்றவர் குறுக்கு விசாரணையில் பெயர் பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். வாதத்திறன் என்பது ஒரே வார்ப்பில் அமைவதன்று என்பதற்கு இவர்களைவிடச் சிறந்த பாடம் மாணவர்க்கு வேண்டியதில்லை.

அரசமைப்பின் செல்லுபடியையே வினவிய வாதத்தை முன்வைத்தவர் மு. திருச்செல்வம். முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல். இவருக்கும் திருகோணமலைக்கும் ஒரு கதை உண்டு. 1965இல் அமைந்த டட்லி சேனநாயக்கா அரசில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தபோது, கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். எதிர்ப்பு எழுந்ததும் பிரதமர் அம்முயற்சியை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். அமைச்சரவையில் தோற்ற வாதத்தை எட்டாண்டுகளுக்குப் பின் அவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார் என்றும் சொல்லலாம். கேள்வி ஒன்றே: பெரும்பான்மையின் விருப்பத்துக்கு எல்லை உண்டா?

எதிரிகள் தரப்பு இரண்டு படிகளில் வாதிட்டது. அரசமைப்பே செல்லாது என்பது பெரிய வாதம். அது செல்லும் என்று கொண்டாலும், வழக்குக்கு ஆதாரமான அவசரகால விதிகள் முறைப்படி ஆக்கப்படவில்லை என்பது சிறிய வாதம். பெரிய வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை, சிறியதை ஏற்றனர். மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டபோதிலும் வழக்கு மேற்கொண்டு நடத்தப்படவில்லை. பெரிய வாதம் வரலாற்றுக்கு, சிறிய வாதம் கட்சிக்காரனுக்கு என்பதை எந்தப் போட்டி மேடையிலும் கற்பிக்கலாம். திருச்செல்வம் 1976 நவம்பரிலும், பொன்னம்பலம் 1977 பெப்ரவரியிலும், செல்வநாயகம் அதே ஆண்டு ஏப்ரலிலும் மறைந்தனர். அரை ஆண்டுக்குள் ஒரு தலைமுறை முடிந்தது.

இவ்வளவும் வாதத்தின் பெருமை. அதன் எல்லையைக் காட்டியதும் திருகோணமலையே.

மாதிரி வழக்காடலில் சம்பவங்கள் அச்சிட்டுத் தரப்படும். அவற்றை எவரும் மறுக்க முடியாது. சட்டம் மட்டுமே விவாதப் பொருள். உண்மையான நீதிமன்றத்தில் சம்பவமே போர்க்களம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்று முதலில் கூறப்பட்டது. சவச்சாலையில் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. 'சுடர் ஒளி' அவற்றை வெளியிட்டது. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்தச் சட்டத்தரணியும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், வழக்கின் முதல் ஆதாரத்தை நீதியின் முன் வைத்தவர் ஒரு பத்திரிகையாளர். அதன் விலையையும் அவரே கொடுத்தார்.

2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதாயினர். 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியமில்லை என்று பதின்மூவரையும் விடுவித்தது. முக்கிய சாட்சிகள் பலர் அச்சத்தால் நாட்டைவிட்டே சென்றிருந்தனர். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சம்பவத்துக்கும் முதற் சட்டத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த இடைவெளியில் கரைந்த சாட்சியத்தை எந்த நாவன்மையாலும் மீட்க முடியாது.

திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் திகதி இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கும் இவ்வாறே. இங்கே உயிர் தப்பியோர் சாட்சியம் அளித்தனர். ஆயினும் விசாரணை அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் யூரிமார் முன்னாள் படையினர் அறுவரையும் குற்றமற்றவர்கள் எனக் கண்டனர். சாட்சி எந்த ஊரில், எந்த மொழியில், யார் முன் பேசுகிறார் என்பதும் வழக்கின் பகுதியே.

மொழியைப் பற்றி ஒரு சொல். வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்கிறது அரசமைப்பு. மேல்நிலை நீதிமன்றங்களிலோ பெரும்பாலும் ஆங்கிலமே ஆள்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. கப்பல்துறையிலிருந்தோ மூதூரிலிருந்தோ சட்டம் படிக்கப் புறப்படும் மாணவிக்கு இரு மொழிகளும் தேவை. கிராமத்துச் சாட்சி தமிழில் சொன்னதன் நுட்பம் கெடாமல் அதை ஆங்கிலத்தில் நிறுத்தத் தெரிந்தவரே அவ்வூருக்குப் பயன்படும் சட்டத்தரணி. போட்டிகளைத் தமிழிலும் நடத்தினால் இந்தப் பயிற்சி இளமையிலேயே வாய்க்கும்.

ஆகவே போட்டிகளை ஒழுங்குசெய்வோருக்கு ஒரு வேண்டுகோள். சட்ட வாதத்தோடு சாட்சி விசாரணையையும் சேருங்கள். அஞ்சி வாய் திறக்காத சாட்சி, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிக்கைகள், காணாமற்போன ஓர் ஆவணம் ஆகியவற்றையும் மாணவரின் கையில் கொடுங்கள். திருச்செல்வத்தின் வாதம் சட்ட அறிக்கையில் வாழ்கிறது. சுகிர்தராஜனின் படங்கள் ஒரு வழக்கேட்டில் இன்னும் தீர்ப்புக்காகக் காத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் தலைமுறையே அந்த வழக்கேட்டை மீண்டும் திறக்கும் தகுதி பெறும்.