இழுக்கும் மூச்சில் இருக்கிறது நலம்

கெங்கவல்லிப் பக்கத்துக் கிணறுகளில் குதிக்கும் சிறுவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முக்குளிக்கும் முன் மூச்சை ஆழ இழுத்து ஒரு கணம் அடக்குகிறார்கள். நுரையீரலில் அறுவை செய்துகொண்ட பிள்ளைக்குக் கற்பிக்கப்படும் பயிற்சியும் ஏறத்தாழ இதுவே! இது எப்படித் தோன்றியது என்று பார்ப்போம்.

1910-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் பாஸ்டர், அறுவைக்குப் பின் நுரையீரலின் ஒரு பகுதி காற்றிழந்து சுருங்குவதை விளக்கி எழுதினார். 1915-இல், முதல் உலகப் போரில் மார்பில் காயமுற்ற வீரர்களுக்கான மூச்சுப் பயிற்சிகளைக் கார்ட்லண்ட் மக்மஹான் வெளியிட்டார். 1930-களில் இலண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வினிஃப்ரெட் லிண்டன் அம்மையார், மார்பு அறுவை நோயாளிகளுக்கு இதை முறையாகப் பழக்கினார். எப்பகுதி விரிய வேண்டுமோ அங்கே விலாவின்மேல் கையை வைத்து, அந்தக் கையைத் தள்ளுமாறு மூச்சை இழுக்கச் செய்வது அம்முறை.

நம் நாட்டில் அக்காலத்தில் இளைஞர்களைக் காசநோய் வாட்டியது. டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1940-களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். பிறகு நல்ல மருந்துகள் வந்ததால் காசநோய்க்கான அறுவை வெகுவாகக் குறைந்தது. மூச்சுப் பயிற்சியோ நிலைத்துவிட்டது.

காரணம் இயற்பியலில் உள்ளது. உதரவிதானம் கீழிறங்கினால் மார்பின் கொள்ளளவு பெருகும், பாயில் விதிப்படி உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று உட்புகும். அறுவைப் புண் வலிப்பதால் பிள்ளை மேலோட்டமாகவே மூச்சு விடுகிறது. அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கி, அவற்றின் ஈரச் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. புதுப் பலூனை ஊதும்போது முதல் ஊதல்தானே கடினம்? மூடிய காற்றறையைத் திறப்பதும் அப்படியே. சளியும் தேங்கினால் நிமோனியா வரக்கூடும்.

மருத்துவமனையில் தரும் மூன்று பந்துக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதில் 600, 900, 1200 என்ற எண்கள், ஒவ்வொரு பந்தும் உயர நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று பாய வேண்டும் என்பதைக் குறிக்கின்றன. பலர் அதை ஊதுகுழல் என்று எண்ணி ஊதுகிறார்கள். அது தவறு. மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். காற்றறையை விரிப்பது உள்மூச்சே.

"பாவம், வலிக்கும், அசையாமல் படுக்கட்டும்" என்று பெற்றோர் இரங்குவது இயல்பு. ஆனால் அந்த இரக்கமே தீங்காகலாம். வலிக்கு மருந்து உண்டு. தலையணையைப் புண்ணோடு அணைத்துக்கொண்டு இருமலாம். மருத்துவர் சொன்ன அளவில் மூச்சை இழுக்கவும், எழுந்து நடக்கவும் பிள்ளையை ஊக்குவியுங்கள்.