அணைக்க வேண்டாம், நிறுத்தி வைத்தால் போதும்: புரொஜெக்டரையும் ரிமோட்டையும் கையாள்வது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் கூடியிருந்தன. அவர்கள் கொண்டுவந்த படங்களை ஸ்கான் செய்து, ஒவ்வொன்றாகச் சுவரில் காட்டுவது எனக்குத் தரப்பட்ட வேலை. புரொஜெக்டர் இரவல் வாங்கியது. அதன் ரிமோட்டை அன்று காலைதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். படங்கள் பத்து விநாடிக்கு ஒன்றாகத் தானாக மாறும்படி லப்டொப்பில் செய்து வைத்திருந்தேன்.

ஒரு அம்மாவின் மகனுடைய படம் வந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படம் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது. அவர் எழுந்து சுவருக்குக் கிட்டப் போனார். படம் மாறிவிடக்கூடாது என்ற அவசரத்தில் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி வந்தது. அதை விலக்குவதற்காக அதே பொத்தானைத் திரும்பவும் அழுத்தினேன். சுவர் இருண்டுபோனது. உடனே போட்டுப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. ஐந்து நிமிடமளவில் அப்படியே நின்றோம்.

“என்ர பிள்ளையை ஏன் மோனை நிப்பாட்டினனீ?” என்று அந்த அம்மா கேட்டார்.

நான் அழுத்தியது பவர் பொத்தான். அழுத்தியிருக்க வேண்டியது ஃபிரீஸ் என்ற பொத்தான். இரண்டும் ஒரே ரிமோட்டில்தான் இருந்தன. நினைவேந்தல், மாதர் சங்கக் கூட்டம், மாலை வகுப்பு, காணி ஆவணங்கள் பற்றிய விளக்கக் கூட்டம் என்று இப்போது எங்கள் கிராமங்களில் புரொஜெக்டர் இல்லாத கூட்டம் குறைவு. அதை இயக்குபவர் பெரும்பாலும் என்னைப் போல அன்றைக்குத்தான் அதைத் தொடுகின்ற ஒருவர். அவர்களுக்காகவே, பிழைவிட்டுக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

புரொஜெக்டரின் கண்ணாடி மூடியை முதலில் கழற்றுங்கள். மூடியோடு விளக்கைப் போட்டால் அந்தச் சூட்டில் மூடி உருகக்கூடும். காற்று வெளியேறும் துவாரங்களை மேசைத் துணியோ புத்தகமோ மறைக்கக்கூடாது. எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். வடிகட்டியைக் கழற்றித் துடைத்து வைப்பது, பாதிக் கூட்டத்தில் சூடேறி நின்றுபோவதைத் தவிர்க்கும்.

பிறகு வயர். எச்.டி.எம்.ஐ. வயர் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும். பதினைந்து ஊசிகள் உள்ள பழைய வி.ஜி.ஏ. வயர் படத்தை மட்டுமே கொண்டுபோகும். ஒலிக்கு வேறு வயர் வேண்டும். வீடியோவில் சத்தம் வரவில்லை என்று தடுமாறுபவர்களில் பலர் வி.ஜி.ஏ. வயரோடு நிற்பவர்கள்.

வயரைக் கொழுவிய பின்னும் நீலத் திரை மட்டும் தெரிந்தால், ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். புரொஜெக்டர் எந்த வாசலில் படத்தைத் தேட வேண்டும் என்று சொல்லும் பொத்தான் அது. அதன் பிறகும் வரவில்லையென்றால் பிரச்சினை லப்டொப்பில் இருக்கலாம். விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். இரண்டு திரையிலும் ஒன்றே தெரிய ‘டுப்ளிகேற்’ என்பதையும், சுவரில் வேறு, லப்டொப்பில் வேறு தெரிய ‘எக்ஸ்ரென்ட்’ என்பதையும் தெரிவுசெய்ய வேண்டும்.

ரிமோட் ஏன் சிலவேளை கேட்பதில்லை?

பெரும்பாலான புரொஜெக்டர் ரிமோட்டுகள் ரீவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்பவை. அந்த ஒளி எங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மற்ற ஒளியைப் போலவே நேராகப் போகும், சுவரில் பட்டுத் திரும்பும், இடையில் ஆள் நின்றால் மறைபடும். புரொஜெக்டரின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ கறுத்த சிறு கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கும். ரிமோட்டை அதை நோக்கிப் பிடிக்க வேண்டும். சில மீற்றர் தூரத்துக்கு மேல் வேலை செய்யாது. முன்னால் நிற்பவர்கள் படம் விழுகின்ற சுவரை நோக்கிப் பிடித்தாலும் பல தடவைகளில் ஒளி பட்டுத்திரும்பி வேலை செய்யும்.

கறுத்த கண்ணாடியில் நேரடி வெயிலோ ரியூப் லைற் வெளிச்சமோ விழுந்தால் ரிமோட் தடுமாறும். திறந்த கொட்டிலில் பகலில் நடக்கும் கூட்டங்களில் இதைக் கண்டிருக்கிறேன்.

ரிமோட் பழுதா, பற்றரி முடிந்ததா என்று பார்க்க ஒரு இலகுவான வழி உண்டு. போனின் கமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு முன்னால் பிடித்து, ஒரு பொத்தானை அழுத்துங்கள். போன் திரையில் ஊதா அல்லது வெள்ளைப் புள்ளி மின்னினால் ரிமோட் ஒளி அனுப்புகிறது. சில போன்களின் பின்கமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும்; அப்போது முன்கமராவால் பாருங்கள். இரண்டிலும் மின்னவில்லையென்றால் முதலில் பற்றரியை மாற்றுங்கள். இரண்டு பற்றரியையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.

ரிமோட் முற்றாகச் செயலிழந்தாலும் கூட்டத்தை நிறுத்தத் தேவையில்லை. புரொஜெக்டரின் மேற்பக்கத்தில் பவர், சோர்ஸ், மெனு போன்ற முக்கிய பொத்தான்கள் இருக்கும்.

படத்தை நேராக்குதல்

படம் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் விழுந்தால், புரொஜெக்டர் அண்ணாந்து நிற்கிறது என்று பொருள். ரிமோட்டில் ‘கீஸ்டோன்’ பொத்தானால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் அது படத்தின் ஒரு பகுதியைச் சுருக்கியே நேராக்குகிறது. அதனால் தெளிவு கொஞ்சம் குறையும். முடிந்தவரை மேசையை உயர்த்தி, சுவருக்கு நேராக வைத்துவிட்டு, மீதியை மட்டும் கீஸ்டோனால் திருத்துங்கள். மங்கலாக இருந்தால் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்புங்கள். அநேகமான சிறிய புரொஜெக்டர்களில் இதை ரிமோட்டால் செய்ய முடியாது.

புரொஜெக்டரைப் பின்னுக்குக் கொண்டுபோனால் படம் பெரிதாகும், வெளிச்சம் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகும். அதே வெளிச்சம் நான்கு மடங்கு இடத்தில் பரவும். பெரிய படம்தான் நல்ல படம் என்று நினைக்க வேண்டாம். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரிந்தால் போதும்.

மூன்று பொத்தான்கள், மூன்று வேலைகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஃபிரீஸ்: சுவரில் உள்ள படம் அப்படியே நிற்கும். லப்டொப்பில் நீங்கள் என்ன செய்தாலும், படங்கள் தானாக மாறினாலும், சுவரில் மாறாது. திரும்பவும் அழுத்தினால் லப்டொப்பில் அந்த நேரம் இருப்பது தெரியும்.

பிளாங்க் அல்லது ஏ.வி. மியூட்: படம் மறைந்து சுவர் கறுப்பாகும். விளக்கு உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். ஒருவர் பேசும்போது, அல்லது அகவணக்கத்தின்போது, இதை அழுத்துங்கள். மறுபடி அழுத்தியதும் படம் உடனே வரும். ஏ.வி. மியூட் ஒலியையும் சேர்த்து நிறுத்தும். சில வகைகள் நீண்ட நேரம் இப்படி விட்டால் தாமாகவே அணைந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

பவர்: ஒருதடவை அழுத்தினால் “அணைக்கவா?” என்று ஆங்கிலத்தில் கேட்கும். இரண்டாம் தடவை அழுத்தினால் அணையும். தவறி ஒருதடவை அழுத்திவிட்டால் ஒன்றும் செய்யாமல் காத்திருங்கள், அல்லது வேறொரு பொத்தானை அழுத்துங்கள். கேள்வி தானாக மறைந்துவிடும். அன்று நான் செய்யத் தவறியது இதைத்தான்.

அணைந்தது ஏன் உடனே எரியவில்லை என்பதும் பிறகுதான் விளங்கியது. பழைய வகைப் புரொஜெக்டர்களின் விளக்குக்குள் பாதரச ஆவி இருக்கிறது. சூடாக இருக்கும்போது அதன் அழுத்தம் மிக அதிகம். அந்த நிலையில் விளக்கு பற்றாது. காற்றாடி ஓடி விளக்கைக் குளிரவைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எல்.ஈ.டி., லேசர் வகைப் புரொஜெக்டர்களில் இந்தப் பிரச்சினை இல்லை.

படங்களை ரிமோட்டால் மாற்றுவது

பல ரிமோட்டுகளில் ‘பேஜ் அப்’, ‘பேஜ் டவுன்’ பொத்தான்கள் இருக்கும். அவற்றை அழுத்தியும் படம் மாறவில்லை என்றால் ரிமோட் பழுது என்று நினைக்க வேண்டாம். ரிமோட் பேசுவது புரொஜெக்டரோடு. படத்தை மாற்ற வேண்டியது லப்டொப். இரண்டுக்கும் இடையில் யு.எஸ்.பி. வயர் ஒன்று கொழுவினால்தான் பெரும்பாலான வகைகளில் இந்தப் பொத்தான்கள் வேலை செய்யும்.

இதற்கு மாற்றாக ‘பிரசென்ரர்’ என்ற சிறிய கருவி கிடைக்கிறது. அதன் சிறு துண்டை லப்டொப்பில் செருகினால் போதும். இது வானொலி அலையில் வேலை செய்வதால் எந்தத் திசையில் பிடித்தாலும், இடையில் ஆள் நின்றாலும் வேலை செய்யும். போரில் ஒரு கையை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இருந்த இடத்தில் இருந்தே தங்கள் கதையைத் தாங்களே காட்டிப் பேச இது உதவுகிறது. அதில் உள்ள சிவப்பு லேசர் ஒளியை யாருடைய கண்ணிலும் படவிடக்கூடாது.

பவர்பொயின்ரில் காட்டுபவர்கள் லப்டொப் விசைகளையும் தெரிந்து வைத்திருங்கள். ‘எஃப் 5’ தொடக்கத்திலிருந்து காட்டும். ‘ஷிஃப்ற்’றோடு ‘எஃப் 5’ அழுத்தினால் நிற்கும் இடத்திலிருந்து காட்டும். காட்டும்போது ‘பி’ விசை சுவரைக் கறுப்பாக்கும்.

எழுத்தும் பழைய படங்களும்

எங்களில் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில் எழுதுகிறோம். அந்த எழுத்துரு இல்லாத வேறொரு லப்டொப்பில் கோப்பைத் திறந்தால், பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். யுனிகோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி சேமித்து பென்ட்ரைவில் கொண்டுபோங்கள்.

இடப்பெயர்வுகளில் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த ஒரேயொரு சின்னப் படம்தான் பல வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. அதைப் போனால் படமெடுக்காமல் ஸ்கான் செய்யுங்கள். 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட கடவுச்சீட்டு அளவுப் படத்தை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 827க்கு 1063 புள்ளிகள் கிடைக்கும். சாதாரண புரொஜெக்டர் ஒன்றின் திரை 1024க்கு 768 புள்ளிகள். எனவே அந்தச் சின்னப் படம் சுவரை நிரப்பப் போதுமானது. மூலப் படத்தை அன்றே குடும்பத்தின் கையில் திருப்பிக் கொடுங்கள். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள்.

மண்டபத்தில் இருப்பவர்களை நினைத்து

எல்லா விளக்கையும் ஒரேயடியாக அணைக்க வேண்டாம். பங்கருக்குள் இருட்டில் இருந்த நாட்கள் எங்கள் ஆட்களின் உடம்பில் இன்னும் இருக்கின்றன. “இப்ப லைற்றை நிப்பாட்டப் போறன்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்க விளக்கு ஒன்றை விட்டு வையுங்கள். கதவையும் திறந்து வையுங்கள். வீடியோவின் ஒலியை முன்கூட்டியே குறைத்துப் பாருங்கள். திடீரென எழும் சத்தம் சிலரை நிலைகுலைய வைக்கும். வெடிச்சத்தமோ காயமோ வரும் காட்சி என்றால் முன்னரே சொல்லுங்கள். வெளியே போக விரும்புபவர் போகட்டும்.

சுவரில் எதைக் காட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கூட்டத்துக்கு யார் யார் வருவார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. கோப்புகளைத் தேடும்போது மற்றவர்களின் பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் சுவரில் தெரிந்துவிடக்கூடாது. முதலில் ஃபிரீஸ் அல்லது பிளாங்க், பிறகு தேடல். லப்டொப்பில் வட்ஸ்அப் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் குடும்பத்தின் சம்மதத்தை முன்னரே கேளுங்கள்.

முடிக்கும்போது

பவர் பொத்தானை இருதடவை அழுத்தி அணைத்த பிறகு, காற்றாடி நிற்கும்வரை பிளக்கைக் கழற்ற வேண்டாம். சூட்டோடு கழற்றினால் விளக்கின் ஆயுள் குறையும். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் யு.பி.எஸ். ஒன்று நல்லது, புரொஜெக்டரின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும் வாற்ஸ் அளவைப் பார்த்து, அதைத் தாங்கக்கூடியதை எடுங்கள். விளக்கு எப்போதாவது உள்ளே வெடித்தால் யன்னல்களைத் திறந்து ஆட்களை வெளியே அனுப்புங்கள். அதில் பாதரசம் இருக்கிறது. கடைசியாக ரிமோட்டின் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் ரிமோட் பழுதாகும்.

அடுத்த வருடமும் அதே மண்டபம், அதே அம்மா. இந்தமுறை ரிமோட்டில் ஃபிரீஸ் பொத்தானின் மேல் ஒரு சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தேன். மகனின் படம் வந்ததும் அதை அழுத்தினேன். அவர் சுவருக்குக் கிட்டப் போய்க் கையை வைத்தார். அவரது கையின் மேலும் மகனின் முகம் விழுந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவராகத் திரும்பி, “காணும் தம்பி, மற்றப் பிள்ளையளையும் காட்டு” என்று சொன்ன பிறகுதான் அடுத்த படத்துக்குப் போனேன்.