எலும்புச் சாறும் நைட்ரஜன் கணக்கும்

காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ஆட்டுக்கால் சூப்பு கொடுத்தால் தெம்பு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பாரிஸ் நகரத்திலும் இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தார்ஸே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து, இறைச்சிக்குப் பதிலாக அதை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்றார். மருத்துவமனைகளில் அந்தச் சாற்றை ஊற்றவும் செய்தார்கள். செலவு குறைவு, வயிறும் நிறையும்.

ஆனால் அது உணவுதானா? பிரெஞ்சு அறிவியல் கழகம் இதை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் பிரான்சுவா மாஜாந்தி. (ஆங்கிலம் படித்தவர்கள் இவரை 'மெஜண்டி' ஆக்கிவிட்டார்கள்!) 1841இல் அறிக்கை வந்தது. ஜெலட்டினை மட்டுமே தின்ற நாய்கள் மெலிந்து செத்தன. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஜெலட்டினில் நைட்ரஜன் தாராளமாக இருந்ததே!

அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் புசாங்கோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஒரு கறவை மாடு தின்ற தீவனத்தில் எவ்வளவு நைட்ரஜன், பாலிலும் சாணத்திலும் மூத்திரத்திலும் எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்து வரவு செலவு எழுதியிருந்தார். குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

விடை 20ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. 1901இல் இங்கிலாந்தில் ஹாப்கின்ஸும் கோலும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடம்பால் அதைச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஜெலட்டினில் அது அறவே கிடையாது. ஒன்று குறைந்தால் புரதம் கட்டும் வேலை நின்றுபோகும். மிஞ்சிய அமினோ அமிலங்களைக் கொழுப்பைப்போல் சேர்த்து வைக்க உடம்பில் இடமில்லை. கல்லீரல் அவற்றின் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடும். அந்த நாய்களுக்கு வந்த வரவெல்லாம் அப்படியே செலவாகிப் போயிருக்கிறது.

வளர்ந்த உடம்பில் வரவும் செலவும் சமமாக இருப்பதைப் பார்த்து, உள்ளே இருக்கும் புரதம் பெரும்பாலும் அசையாமல் இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். ஆண்டு முடிவில் இருப்பு மாறவில்லை என்பதால் கருவூலத்தில் பணமே புழங்கவில்லை என்று சொல்லலாமா? ஜெர்மனியை விட்டு நியூயார்க் வந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், கன நைட்ரஜனால் அடையாளமிட்ட லூசினை 1930களின் கடைசியில் எலிகளுக்குக் கொடுத்தார். அந்த நைட்ரஜனில் பாதிக்கும் மேல் எலிகளின் உடல் புரதத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. எலிகளின் எடையோ கூடவில்லை! புதியது உள்ளே போக, பழையது வெளியே வந்திருக்கிறது.

நம் உடம்பிலும் தினமும் கால் கிலோ அளவுக்குப் புரதம் உடைந்து, திரும்பக் கட்டப்படுகிறது. நாம் சாப்பிடுவது அதில் ஒரு பங்குதான். சாப்பாடு நின்றாலும் இரத்தத்தில் அமினோ அமில அளவு சட்டென்று விழுவதில்லை. தசை உடைந்து ஈடுகொடுக்கிறது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து சரியாகச் சாப்பிடாத நம் வயதுக்காரர்களுக்கு முதலில் தொடை சூம்புவது இந்தக் கணக்கில்தான்.