காரைக்குடிக்கு எத்தனை எழுத்து?

'காரைக்குடி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். கா, ரை, க், கு, டி என்று விரல் மடக்கி ஐந்து என்று சொல்லிவிடும். அதே சொல்லைப் பைத்தான் மொழியில் கொடுத்து நீளம் கேட்டால், கணினி பத்து என்கிறது. ஆம், பத்து! பேரேட்டில் ஐந்தும் பெட்டியில் பத்தும் இருந்தால் செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை எவருக்கும் அன்று இரவு தூக்கம் வராது.

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் ஆரம்பத்தில் செய்து பார்ப்பவற்றில் ஒன்று, மறைந்திருக்கும் சொல்லை எழுத்து எழுத்தாகக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஆங்கிலத்தில் சில வரிகளில் முடிந்துவிடும். அதையே தமிழுக்கு மாற்றினால் ஐந்து கட்டம் வரவேண்டிய இடத்தில் பத்துக் கட்டம் வருகிறது. பாதிக் கட்டங்களில் வெறும் காலும் கொக்கியும் புள்ளியும் அநாதையாக நிற்கின்றன. தான் எழுதிய நிரலில்தான் கோளாறு என்று மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பாவம், இது அவர் பிறப்பதற்கு முன்பே எடுத்த முடிவின் விளைவு.

1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 'இஸ்கி' என்ற குறியீட்டு முறை வந்தது. தேவநாகரியை மனதில் வைத்து அமைத்த வரிசை அது. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு அந்த வரிசையையே பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் இன்றும் அதில் காலியாகக் கிடக்கின்றன! நம் 247 எழுத்துகளில் தனி எண் பெற்றவை உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 மட்டுமே. மற்றவை ஒட்டுப்போட்டு வருபவை. 'கா' என்பது க-வும் காலும். 'க்' என்பது க-வும் புள்ளியும். இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க பிறக்கிறது. கணினியில் எல்லாம் தலைகீழ்.

இதைத் தமிழர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2010-இல் தமிழக அரசு, யூனிகோடோடு சேர்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' முறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் அதற்குள் இணையமும் கைப்பேசியும் யூனிகோடில் வெகுதூரம் போய்விட்டன. ஆகவே எண்ணும் பொறுப்பு நிரல் எழுதுகிறவர் தலையில் விழுந்தது. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றி 2009-இல் கட்டுரை வெளியிட்ட முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பின்னர் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பில், சொல்லை எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. சூத்திரம் எளிது: இடமிருந்து படித்துக்கொண்டே போக வேண்டும், துணைக்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். காரைக்குடி ஐந்தாகிவிடும். எட்டு என்று காட்டிய சிவகங்கையும் ஐந்தாகிவிடும்.

அதோடு விட்டதா? அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூருக்கு வாருங்கள். 'கோ'வின் இரட்டைக் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கோட்டையூர் ஒருமுறை 10, இன்னொருமுறை 11! சரியான விடையைத் தட்டியவரிடம் விளையாட்டு 'தவறு' என்று சொல்லும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 'க்ஷ' வந்தால் இன்னொரு தலைவலி. மேலே சொன்ன சூத்திரம் அதை இரண்டாக எண்ணும்; எழுதுகிறவரோ ஒன்று என்பார். அதற்குத் தனி விதி போட்டாக வேண்டும்.

இத்தனையும் சரிசெய்து, கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சங்கிலி விளையாட்டுக்குப் போனால், அங்கே தொல்காப்பியர் வழிமறிக்கிறார். எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று மொழிமரபில் அவர் பட்டியல் போட்டிருக்கிறார். மெய்யெழுத்து வராது, டகரமும் வராது. 'மரம்' என்றால் ம்-இல் தொடங்கச் சொல் கிடையாது. புள்ளியை நீக்கி 'ம' என்று எடுத்துக்கொள்ள நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். 'காரைக்குடி' என்று சொல்லிவிட்டால் அந்த வழியும் இல்லை. எதிராளி டிபன், டிக்கெட், டிசம்பர் என்று ஆங்கிலக் கடனில்தான் காலத்தை ஓட்ட வேண்டும்.