ஸ்கொட்லாந்தில் வேர்களைத் தேடும் வழி

இடப்பெயர்வில் குடும்ப ஆவணங்களை இழந்தவள் நான். அதனால் மற்றவர்கள் தங்கள் முன்னோரை எப்படித் தேடுகிறார்கள் என்று கவனிப்பேன். ஸ்கொட்லாந்தில் வழி தெளிவாக இருக்கிறது.

முதலில் வீட்டு முதியவர்களிடம் பெயர், ஊர், ஆண்டு கேட்டு எழுத வேண்டும். அடுத்து ‘ஸ்கொட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்ற அரச இணையத்தளம். அங்கு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1855இல் கட்டாயமானது. தகவல் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், இறப்புப் பதிவிலேயே இறந்தவரின் பெற்றோர் பெயரும் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். அதைப் பிடித்து முந்திய தலைமுறைக்குப் போகலாம். 1841 முதல் 1921 வரையான குடிசனக் கணக்கெடுப்புகளில் ஒரே வீட்டில் இருந்தவர்களைக் காணலாம். 1855க்கு முன் என்றால் தேவாலயப் பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது. பெயரைத் தேடுவது இலவசம், பெரும்பாலான பதிவுகளின் படத்தைப் பார்க்கக் கட்டணம் உண்டு.

இணையத்தோடு நின்றுவிடக் கூடாது. கிளாஸ்கோவின் மிச்சல் நூலகத்திலுள்ள நகர ஆவணக் காப்பகத்தில், 19ஆம் நூற்றாண்டு ஏழைகள் நிவாரணம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பங்கள் இருக்கின்றன. பிறந்த ஊர், துணை, பிள்ளைகள், முன்பு இருந்த முகவரிகள் எல்லாம் அவற்றில் உண்டு. சொத்தில்லாதவர்களின் குடும்ப வரலாறு அந்தத் தாள்களில்தான் மிஞ்சியது.

உங்கள் நிவாரண அட்டையையும் முகாம் பதிவுத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள்.